காற்றின் வேகம் இரண்டரை ஹெர்ட்ஸ்

திருப்பதி பக்கத்தில் காதங்கியில் இருக்கும் எம்.எஸ்.டி. ரேடார் (மேல் வானத்துக் காற்றை ரேடியோ அலையால் அளப்பது) 53 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, 1024 யாகி ஆன்டெனாக்கள் (பழைய டிவி ஆன்டெனா மாதிரி), அலைநீளம் சுமார் 5.66 மீட்டர். மழைத்துளியே தேவையில்லை, தெளிந்த வானத்தில் காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பி வரும் துளியூண்டு எதிரொலியே அதற்குப் போதும்.

அந்த எதிரொலியில் காற்று உண்டாக்கும் அதிர்வெண் மாற்றமும் துளிதான், எவ்வளவு என்று பார்ப்போம். ஆடி மாதம் 16 கிலோமீட்டர் உயரத்தில் கீழைக்காற்று விநாடிக்கு 40 மீட்டர் அடிக்கிறது என்று வையுங்கள். ரேடார் மேலே அனுப்பும் கற்றையை அந்தத் திசையில் செங்குத்திலிருந்து 10 டிகிரி சாய்த்தால் அதன் வழியே தெரிவது விநாடிக்கு ஏழு மீட்டர்தான், டாப்ளர் மாற்றம், அதாவது அந்த நகர்வால் எதிரொலியின் அதிர்வெண் மாறும் அளவு, சுமார் இரண்டரை ஹெர்ட்ஸ். 5.3 கோடியில் இரண்டரை!

எதிரொலியும் பலவீனமானது என்பதால், அடுத்தடுத்த துடிப்புகளின் எதிரொலிகளைக் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) மாறாமல் கூட்டுகிறார்கள். சிக்னல் வளரும், இரைச்சல் அந்த அளவுக்கு வளராது. அப்புறம் எஃப்.எஃப்.டி. என்ற கணக்கு, சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஸ்பெக்ட்ரமாகத் தரும், பிறகு அந்த ஸ்பெக்ட்ரத்தின் சராசரி அதிர்வெண். அதுதான் காற்று.

சிக்கல் பூஜ்ஜிய ஹெர்ட்ஸில் இருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகள் நகராதவை, அவற்றின் எதிரொலி அங்கே ஊசி மாதிரி நிற்கும். அதை வெட்டினால் மெதுவான காற்றும் சேர்ந்து போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதை விட, கீழ் உயரத்தில் கிடைத்த ஸ்பெக்ட்ர முகட்டைப் பிடித்து உயரம் உயரமாகத் தொடர்ந்து போவதுதான் சரி என்பது என் கட்சி, ஏனென்றால் சில நூறு மீட்டருக்குள் காற்று பெரும்பாலும் தாவிக் குதிக்காது.