பாக்கெட்டுக்குள் ஒரு பெண் மான்

மான் மாதிரி கத்துவது பெரிய வித்தை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சி வகுப்பு முடித்து, வேட்டை உரிமமும் வாங்கி, வில்லும் அம்புமாக நண்பரோடு காட்டுக்குப் போன அந்த நவம்பர் காலை வரைக்கும்.

அமெரிக்காவின் வடபகுதியில் வெள்ளைவால் மான்களுக்கு அதுதான் இணைசேரும் காலம். ஆண் மான்கள் சோறு தண்ணி மறந்து துணை தேடி அலையும். என்னிடம் இரண்டு கருவிகள். ஒன்று, ஆண் மான் போல உறுமும் குழல். இன்னொன்று சின்ன டப்பா. மேலே உள்ள துளையை விரலால் மூடிக் கவிழ்த்தால் பெண் மான் 'ம்மே' என்று கூப்பிடும். ஒரு வாரம் காரிலேயே பயிற்சி. சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

விடியுமுன் பரணில் ஏறி, பாதுகாப்புப் பட்டையை மரத்தோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வெளிச்சம் வந்ததும் ஊதினேன். மறுபடி ஊதினேன். நாலாவது முறை நண்பர் கையைப் பிடித்தார்.

"தம்பி, எந்த மானாவது இப்படி ஓயாமல் பேசுமா? இதைக் கேட்டால் யாருக்கோ வயிற்றுவலி என்று நினைக்கும்."

அவர் கணக்கு வேறு. மெதுவாக இரண்டு மூன்று உறுமல், அப்புறம் அரை மணி நேரம் கப்சிப். மான் நம்மை நோக்கி வந்தால் மூச்சுக்கூட விடக்கூடாது. விலகிப் போனால்தான் கூப்பிட வேண்டும். இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும் பிராணி அது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும்.

சரி என்று அரை மணி நேரம் சும்மா இருந்தேன். அதற்குள் என் மூச்சின் ஈரம் குழலுக்குள் உறைந்துபோயிருக்கிறது. ஊதினால் மான் குரல் வரவில்லை, வாத்துக் குரல் வந்தது. நண்பர் அனிச்சையாக வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் நிஜமாகவே ஒன்று வந்தது. நல்ல கொம்பு. நேராக வராமல், எங்கள் மேல் பட்டு வரும் காற்றைப் பிடிக்கப் பக்கவாட்டில் சுற்றி வந்தது. காதால் கேட்டதை மூக்கால் சரிபார்க்காமல் அது நம்பாது. அம்பு எட்டும் தூரத்துக்கு இன்னும் பத்தடிதான். நண்பர் வில்லை எடுத்தார். அவருக்கு இடம்விட நான் லேசாகச் சாய்ந்தேன்.

'ம்ம்மே.'

என் பாக்கெட்டிலிருந்து! டப்பாவின் துளையைத் துணி மூடியிருந்திருக்கிறது. ஆண் மான் அண்ணாந்து பார்த்தது. மரமேறிய பெண் மானை அது அதுவரை கேள்விப்பட்டதில்லை போல. பதறி நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தேன். இன்னொரு 'ம்மே'. முன்னங்காலால் தரையைத் தட்டி, மூக்கால் 'புஸ்ஸ்' என்று சீறி, வெள்ளை வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு அது ஓடியே போய்விட்டது. அன்று முழுக்க அந்த மரத்தடியில் கேட்ட ஒரே தத்ரூபமான மான் சத்தம் அந்தச் சீறல்தான்.

திரும்பும் வழியில், பள்ளத்தில் இறங்கினால் ஒரு 'ம்மே', மேட்டில் ஏறினால் ஒரு 'ம்மே'. நண்பர் பேசாமல் கையை நீட்டினார். கொடுத்தேன். தன் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். கார் வந்ததும் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார்.

'ம்மே.'