நூற்றுக்கு நாற்பது என்றார்கள்

நான் கடன் பத்திரம் வாங்கியிருந்த நிறுவனம் வட்டி கட்டத் தவறியபோது, ஒரு மாதத் தாமதம் என்றுதான் நினைத்தேன். அடுத்த கடிதத்தில்தான் விஷயம் புரிந்தது: கடன் மறுசீரமைப்பு, அதாவது கடனில் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது என்று மாற்றியமைக்கும் வேலை, தொடங்குகிறது; பணம் வர வேண்டியவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். என்னுடையவை பிணையில்லாப் பத்திரங்கள், அதாவது எந்தச் சொத்தும் அடமானமாக இல்லாதவை. மற்றவற்றைவிடக் கூடுதல் வட்டி தந்ததே அதனால்தான் என்பது வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை.

மனுவில் அசலை மட்டும் எழுதினேன். அது தவறு. நடவடிக்கை தொடங்கிய நாள்வரை சேர்ந்திருந்த வட்டியையும் கேட்கலாம் என்று, பத்திரம் வைத்திருந்த இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஏற்கப்பட்ட தொகையை வைத்துத்தான், பிறகு வரும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு நாம் போடும் ஓட்டும் கணக்காகும், பங்கும் கிடைக்கும். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் திருத்தி அனுப்பினேன். இந்த நிலையில் இருக்கும் யாரும் மனுவில் தொகை எழுதும் இடத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பல மாதம் கழித்துத் திட்டம் வந்தது. 100க்கு 40 தருவார்களாம். மீதி 60 தள்ளுபடி. நிதித்துறையில் இதை ‘ஹேர்கட்’ என்பார்கள். அந்த 40லும் 15 மட்டும்தான் உடனே பணமாக. பாக்கி 25க்கு, 7 வருடம் கழித்து முதிரும் வட்டியில்லாப் புதிய பத்திரம். அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். இவ்வளவு ரிஸ்க் உள்ள பத்திரத்துக்கு வருடம் 12 சதவீதமாவது எதிர்பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 7 வருடம் கழித்து வரும் 25க்கு இன்றைய மதிப்பு 11 சொச்சம்தான். ஆக என் கைக்கு வருவது 40 அல்ல, 26.

2012இல் கிரீஸ் அரசின் பத்திரங்களுக்கும் இப்படித்தான் நடந்தது. தனியார் முதலீட்டாளர்களுக்கு முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டு. மீதியில் 15 குறுகிய காலப் பத்திரமாகவும், 31.5 பல ஆண்டுகள் கழித்து முதிரும் புதிய பத்திரங்களாகவும் வந்தன. வெட்டிய சதவீதத்தோடு, மிச்சம் எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நஷ்டம் தெரியும். இதைப் படித்த பிறகுதான் என் கணக்கின் மேல் எனக்கே நம்பிக்கை வந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “பிணை வாங்கினவங்களுக்கு 70, எங்களுக்கு மட்டும் ஏன் 40?” என்று கேட்டார். குரல் நடுங்கியது. அவர்கள் கையில் கட்டடமும் இயந்திரமும் அடமானமாக இருந்தன. எங்கள் கையில் வாக்குறுதி மட்டும். பதில் நியாயமானதுதான், ஆனால் எனக்கும் அன்று வலித்தது.

எனக்கு முடிவெடுக்க உதவியது வேறொரு எண். நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்றால் எங்கள் வரிசைக்கு 100க்கு 18 தேறும் என்று மதிப்பீட்டு அறிக்கை சொன்னது. அந்த 18க்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தாலும், தேவையான பெரும்பான்மை கிடைத்தால் திட்டம் என்னையும் கட்டுப்படுத்தியிருக்கும். ஆனால் அதற்காக நான் சம்மதிக்கவில்லை. 18ஐவிட 26 மேல். அவ்வளவுதான்.

திட்டம் நிறைவேறியது. 15 வந்து சேர்ந்தது. கணக்கில் பழைய பத்திரத்தின் பெயர் மறைந்து, அதே இடத்தில் புதிய பத்திரம் ஏறியிருந்தது, வட்டி என்ற இடத்தில் 0 என்று.