வைவாவில் ஸ்ட்ரோக் படம் வந்தால்

ரேடியாலஜி வாய்மொழித் தேர்வான வைவாவில் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) படத்தைக் காட்டி, நோயாளிக்கு வயது முப்பதுதான் என்று தேர்வாளர் சொன்னாலே, இது வழக்கமான அடைப்பு இல்லை என்று பாதி முடிவு கட்டிவிடலாம். அரிய நோய்களின் பட்டியலை உருப்போட்டது எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது ஒரு கேள்விதான்: பாதிப்பு ஒரே தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியின் எல்லைக்குள் அடங்குகிறதா?

அடங்கவில்லையென்றால் முதல் சந்தேகம் சிரைமேல் விழட்டும்; அதில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். டெம்போரல் மடலில் (காதருகே உள்ள மூளைப் பகுதி) ரத்தக்கசிவும் வீக்கமுமாக இருந்தால், அதே பக்கத்து டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் என்னும் பெரிய சிரைக்கால்வாயைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். மண்டை உச்சியில் நடுக்கோட்டின் இருபுறமும் என்றால் சுப்பீரியர் சாஜிட்டல் சைனஸ். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத சிடியிலேயே ரத்தம் உறைந்த சைனஸ் வெள்ளையாகத் தெரியலாம். ஆனால் ரத்தம் கெட்டியாக உள்ளவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். பக்கத்துத் தமனிகளும் அதே அளவு வெளுத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐயில் இன்னொரு பொறி உண்டு. புத்தம்புது ரத்தக்கட்டி டி2 வகைப் படத்தில் கறுப்பாக இருக்கும், ரத்தம் நன்றாக ஓடுவது போலவே ஏமாற்றும். எஸ்டபிள்யூஐயும் (ரத்தக்கட்டியைத் துலக்கமாகக் காட்டும் எம்ஆர்ஐ வகை) வீனோகிராமும் (சிரைகளின் படம்) பார்த்த பிறகு சொல்லுங்கள். சிரையில் ரத்தம் உறையத் தூண்டும் பிரசவம், கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்கவும் மறக்க வேண்டாம்.

இரண்டு தாலமஸும் (மூளையின் நடு ஆழத்தில் உள்ள பகுதிகள்) பாதித்த படம் தேர்வாளர்களுக்கு ரொம்பப் பிடித்தது. நடுக்கோட்டை ஒட்டி, வீக்கம் அதிகமில்லாமல், நடுமூளையிலும் வி வடிவில் வெளுத்திருந்தால், இரண்டு தாலமஸுக்கும் ரத்தம் கொடுக்கும் ஒற்றைத் தமனியான பெர்ஷெரான் தமனியில் அடைப்பு. தாலமஸ் முழுக்க வீங்கியிருந்தால் ஆழத்துச் சிரைப் பாதைகளான ஸ்ட்ரெய்ட் சைனஸையும் இன்டர்னல் செரிப்ரல் சிரைகளையும் பாருங்கள்.

சரி, எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது, ஆனால் இளவயது, கழுத்துவலி வேறு. அப்புறம் மூளையையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை; கழுத்துக்கு வாருங்கள். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிய டி1 வகை எம்ஆர்ஐ படத்தில் தமனிச் சுவரில் பிறைபோல் வெளுப்பு இருந்தால், சுவர் கிழிந்து அதற்குள் ரத்தம் தேங்கிய நிலையான டிசெக்‌ஷன். முதல் சில நாட்களில் அந்த வெளுப்பு வராமலும் போகலாம்.

மூளையின் பின்பக்கப் புறணியில் (மேலடுக்கில்) தமனி எல்லை தாண்டிப் பரவியிருந்து ஏடிசி (திசுவில் நீர் நகரும் அளவு) குறையாமல் இருந்தால் மெலாஸ் என்னும் மைட்டோகாண்ட்ரியா நோயை நினைக்கலாம். வலிப்புக்குப் பிறகும் புறணி டிஃப்யூஷன் வகை எம்ஆர்ஐயில் வெளுக்கும். கூடவே தாலமஸின் பின்பகுதியான புல்வினாரும் வெளுத்திருந்தால் வலிப்பின் பக்கம் சாயுங்கள்.

மூளையின் நரம்பிழைக் கட்டுகளான இன்டர்னல் கேப்சூல் இருபுறமும், ஸ்ப்ளீனியமும் டிஃப்யூஷனில் பளிச்சிட்டு, தாலமஸ் மட்டும் தப்பியிருந்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கிறதா என்று தேர்வாளரையே கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை.