சூரியன் வராத ஊரில் அம்மா

சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டின் ஒன்பதாவது மாடி காரிடாரில் நின்று சூரியனைக் கும்பிட்ட பிறகுதான் அம்மா காப்பியைத் தொடுவார். அவரைப் போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் பின்லாந்தின் இனாரிக்குக் கூட்டிப்போனேன். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, காட்டுக்குள் ஒரு ரிசார்ட். அந்தப் பக்கம் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் சூரியன் எழுவதே இல்லை, ‘காமோஸ்’ என்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாங்கி விமான நிலையத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

ஹெல்சிங்கியில் விமானம் மாறி இவாலோ, அப்புறம் வேன். இறங்கியபோது மைனஸ் 27. முதல் மூச்சிலேயே மூக்குமுடி விறைத்துக் குத்தியது.

குடிலில் பெட்டியைத் திறந்தால், தேங்காய் எண்ணெய் வெள்ளை மெழுகாகிக் கிடந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். சிங்கப்பூரில் அதற்கு ஏது வழி? அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மார்கழியில நம்ம ஊர்லயும் இப்படித்தான் ஆகும், வெயில்ல வைப்போம்” என்றவர், ஜன்னலைப் பார்த்துவிட்டு, “வெயில் எங்கடா?” என்றார். பாட்டிலைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

இரவு வானில் பச்சையாக அலையும் வடதுருவ ஒளி தெரிந்தால் அறையில் மணி அடிக்கும் என்று ரிசார்ட்டில் சொல்லியிருந்தார்கள். இரவு 1.40க்கு அடித்தது. இரண்டு காலுறை, உள்ளாடை மேல் உள்ளாடை, விண்வெளி வீரர் மாதிரி ஓர் உடுப்பு, பூட்ஸ். அம்மாவுக்குப் போட்டு முடிக்கவே பன்னிரண்டு நிமிடம். வெளியே வந்தால் வானத்தில் லேசான வெளுப்பு, அவ்வளவுதான். “யாரோ சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு” என்றார். கைப்பேசியை நீட்டினேன், திரையில் மட்டும் பச்சை! மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கேமரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துக் காட்டுகிறது. விளம்பரப் படங்களும் இப்படி எடுத்தவைதானே. அடுத்த படத்துக்குள் 60 விழுக்காடு இருந்த பேட்டரி குளிரில் செத்துப்போனது.

சாப்பாடு? உருளைக்கிழங்கு மசியலும் ரெயின்டீர் மான் கறியும். அம்மா மசியலுக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டார்.

மறுநாள் நண்பகல். பனியெல்லாம் நீலம், தெற்கே மரங்களுக்குப் பின்னால் மட்டும் செம்பருத்திச் சிவப்பு. அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தத் திசையைக் கும்பிட்டார்.

“உள்ளதான் இருக்காரு. இந்தக் குளிர்ல யாருடா வெளிய வருவா?”