விசா கேட்காத ஊருக்குப் போய்ச் சேர்ந்த வழி

நார்வேக்கும் வட துருவத்துக்கும் இடையிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில், 78-ஆவது வட அட்சரேகையில் இருக்கிறது லாங்யேர்பியன். அங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் ஒரு பருவம் படிக்க இடம் கிடைத்ததும், "அங்கே போக விசாவே வேண்டாமே!" என்றார்கள் நண்பர்கள். அது பாதிதான் சரி.

தீவுகளின் ஆட்சியை நார்வேக்குக் கொடுத்த 1920 ஒப்பந்தம், கையெழுத்திட்ட நாட்டவர் அங்கே போய்வரவும் தொழில் செய்யவும் சம உரிமை தந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே இந்தியாவின் பெயரும் அதில் ஏறிவிட்டது. இன்று எந்த நாட்டவரும் அங்கே விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் விமானம் நார்வே நகரங்களான ஓஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான். அவை ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. போகும்போது ஒரு நுழைவு, திரும்பும்போது இன்னொன்று. ஆகவே இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். அதன் கடைசித் தேதி நீங்கள் திரும்பும் நாளைத் தாண்டியிருக்க வேண்டும். நான் சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, விமானச் சீட்டுகளோடு பயணத் திட்டத்தை விளக்கி ஒரு கடிதமும் இணைத்தேன்.

வீடுதான் பெரிய தடை. பெரும்பாலான வீடுகள் வேலை கொடுப்பவர்கள் கையில் இருக்கின்றன. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை ஆளுநர் வெளியேற்றலாம். கையில் வேலையோ படிப்போ இல்லாமல் கிளம்பாதீர்கள்.

போனதும் முதலில் பாதுகாப்புப் பயிற்சி. பனிக்கரடியை வெளிச்சக் குண்டு சுட்டு விரட்டுவது, அதற்கும் மிஞ்சினால் துப்பாக்கி, பனிச்சரிவில் புதைந்தவரைக் கருவி வைத்துத் தேடுவது என எல்லாவற்றையும் கையால் செய்ய வைத்தார்கள். இதை யாரும் சடங்காக நினைக்கக் கூடாது. 2015 டிசம்பர் 19 அன்று ஊருக்குள்ளேயே வீடுகள் மீது பனி சரிந்து இருவர் இறந்திருக்கிறார்கள்.

1906-இல் லாங்யேர் என்ற அமெரிக்கர் நிலக்கரி வெட்டத் தொடங்கி உண்டான ஊர் இது. கரித்தூசு உள்ளே வராதிருக்கச் சுரங்கக்காரர்கள் வாசலில் காலணியைக் கழற்றினார்கள். 2025-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனாலும் விடுதி, அருங்காட்சியகம் என்று பல இடங்களில் அந்த வழக்கம் நீடிக்கிறது. தடித்த காலுறை நிறைய எடுத்துப் போங்கள்.

பருவத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், ஜனவரியில் தொடங்குவதையே எடுங்கள். முழு இருளில் போய் இறங்குவீர்கள். மார்ச் 8 வாக்கில் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் இருளுக்குப் பின் முதல் வெயில் படுவதை ஊரே கூடிக் கொண்டாடும்போது நீங்களும் நிற்கலாம். ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைவதே இல்லை. அப்போது ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டும்.