மாமி தனியாக எடுத்துவைத்த கோப்பை

மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது சூத்தைப் பல்லால் வந்தது என்றுதான் நினைத்தோம். வலியே இல்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டது எங்கள் பிழை. இரண்டு தடவை மாத்திரை, பிறகு காசநோய்ப் பரிசோதனை என்று மாதங்கள் போயின. இரவில் படுக்கை விரிப்பு நனையுமளவுக்கு வியர்க்கத் தொடங்கிய பிறகே களுவாஞ்சிக்குடியில் மட்டக்களப்பு பஸ் ஏறினோம். ஊசியால் உறிஞ்சி எடுத்ததில் எதுவும் பிடிபடவில்லை. இந்த நோயில் கெட்ட கலங்கள் சிலதான். சுற்றி நிற்பவை எல்லாம் நல்லவை. முழு நெறியையும் வெட்டியெடுத்துப் பார்த்தபோதுதான் பெயர் தெரிந்தது: ஹொட்ஜ்கின் லிம்போமா, நெறிகளில் வரும் ஒரு புற்றுநோய்.

அந்தக் கலங்களுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருப்பதாகவும் அறிக்கையில் எழுதியிருந்தது. வைரஸ் என்ற சொல் காதில் விழுந்த அன்றே மாமி அவனுடைய கோப்பையையும் தட்டையும் தனியாக எடுத்துவைத்துவிட்டார். நானும் யாரிடமிருந்து தொற்றியிருக்கும் என்று உறவினர் ஒவ்வொருவரையும் மனதுக்குள் விசாரித்தேன்.

கிளினிக்கில் கேட்டேன். “அம்மா, அது உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும்” என்றார் வைத்தியர். வளர்ந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இருக்கிறதாம். எச்சிலால் பரவி, பி கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்களுக்குள் ஆயுள் முழுக்க ஒளிந்துகிடக்கும். கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரியைச் செய்வது பி கலங்களின் வேலை. சரியாகச் செய்யத் தெரியாத கலம் தானாகவே செத்துப்போக வேண்டும். வைரஸின் புரதம் ஒன்று அதற்கு “நீ இரு, பெருகு” என்று ஓயாமல் கட்டளை கொடுக்கிறது. பரீட்சையில் தோற்றவனுக்குக் களவாகச் சான்றிதழ் கொடுப்பதுபோல! மரபணுவிலும் பிழைகள் சேர்ந்தால்தான் அது புற்றாகும். ஆகவேதான் மிகச் சிலருக்கே வருகிறது. வைரஸ் தொற்றும், புற்று தொற்றாது. (1964இல் இந்த வைரஸைக் கண்டறிந்து எழுதியவர்கள் மூவர், பெயரில் எப்ஸ்டீனும் பாரும் மட்டும். அச்சோங் பாவம்.)

15 நாளுக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அதிலொன்று சிவப்பு, அன்று சிறுநீரும் சிவக்கும். முன்பே யாரும் சொல்லாததால் இரத்தம் என்று பயந்து மகன் அழுதுவிட்டான். காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே வாட்டுக்கு வரவேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மருந்து ஏறும் காலத்தில் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். எங்களிடமிருந்து அவனைத்தான் காக்க வேண்டுமாம்.

மாமியிடம் சொன்னேன். “அப்படியென்றால் எனக்குள்ளும் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். இப்போது தடிமனோடு வருபவர்களைப் படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்.