ஸ்டாண்டுக்குத்தான் காசு

16 நவம்பர் 2025, ஞாயிறு

டெலஸ்கோப் வாங்க பட்ஜெட் முடிவாகிவிட்டது: ரூ.15,000. அதற்கு மேல் பைசா பெயராது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. இந்தத் தொகைக்குத் தேடினால் அட்டைப்பெட்டியில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டதுதான் முதலில் வந்து நிற்கிறது. அந்த 525 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயின் குவியத்தூரம், அதாவது வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம், 700 மி.மீ. கூடவே கண் வைத்துப் பார்க்க ஒரு 4 மி.மீ. ஐபீஸ் வில்லை. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதோடு மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையைச் சொருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் முகப்பு வில்லையின் விட்டம் வெறும் 70 மி.மீ. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவான வரம்பு. 140-ஐத் தாண்டினால் படம் பெரிதாகும், கூடவே மங்கிக் குழம்பியும் போகும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட வேண்டிய எண் அந்த 70.

22 நவம்பர், சனி

மழை விட்டிருந்தது. தெருக்கோடி இயற்பியல் சாரிடம், முகப்பு வில்லைக்குப் பதில் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் 114 மி.மீ. கண்ணாடி வைத்த டெலஸ்கோப் இருக்கிறது. "வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துருங்க தம்பி" என்று மாடிக்குக் கூட்டிப் போனார்.

குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், லேபிளில் குவியத்தூரம் 1000 மி.மீ. என்றிருக்கிறது. ஐபீஸ் சொருகும் இடத்துக்குள்ளே ஒரு வில்லையை வைத்து நீளத்தை ஒப்பேற்றியிருக்கிறார்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்து நேராக்குவது இந்த ரகத்தில் பெரும்பாடு என்றார் சார்.

அதைவிடப் பெரிய வம்பு ஸ்டாண்டு. இந்த ரக ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரே திருகைச் சுற்றி, நகரும் கிரகத்தைப் பின்தொடரலாம். பாளையங்கோட்டையின் அட்சரேகை 8.7 டிகிரி. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். அதாவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவ்வளவு தாழ்வாக அச்சைச் சாய்த்ததும் குழாயைச் சமன் செய்யும் எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் இடிக்கிறது. துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரியான சாமான், நமக்கு இல்லை.

சனிக் கிரகத்தைப் பிடித்தோம். இந்த மாதம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது, சாய்வு அரை டிகிரிகூட இல்லை. பந்தில் கம்பி குத்தியதுபோல் ஒரு கோடு, அவ்வளவுதான். அதையாவது நன்றாகப் பார்க்கலாமென்று ஃபோகஸ் திருகைத் தொட்டால் சனி சாமி வந்து ஆடுகிறது. ஆட்டம் அடங்குவதற்குள் பார்வையை விட்டு நகர்ந்தும் விடுகிறது.

30 நவம்பர், ஞாயிறு

புயல் மழை. வெளியே போக வழியில்லை, படிக்கத்தான் நேரம்.

இப்போதைக்கு மனம் டாப்சோனியன் என்கிற ரக டெலஸ்கோப்பில் நிற்கிறது. ஜான் டாப்சன் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல் கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஒளியைக் குவிக்கும் குழியாடி ஆக்கினார். அட்டைக் குழாய், பலகைப் பெட்டி, அவ்வளவுதான் மீதி. பெட்டி பக்கவாட்டில் சுழலும், குழாய் மேலும் கீழும் போகும். துருவ நட்சத்திரம் தெரிகிறதா இல்லையா என்ற கவலையே இல்லை. ஸ்டாண்டில் மிச்சமாகும் காசு கண்ணாடிக்குப் போகிறது. 130 மி.மீ. கண்ணாடி 70 மி.மீ. வில்லையைவிட மூன்று மடங்குக்கும் மேலாக ஒளியை வாங்கும்.

அத்தான் போனில், "பேசாம 10x50 பைனாகுலர் வாங்கிக்கோ" என்றார். பத்து மடங்கு, 50 மி.மீ. வில்லை. தப்பில்லாத யோசனை. கார்த்திகைக் கூட்டத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதில் வியாழனின் மேகப் பட்டைகள் தெரியாது.

புதிய 130 மி.மீ. டாப்சோனியன் என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பழையது தேட வேண்டும்.

13 டிசம்பர், சனி

மதுரை. மேசைமேல் வைக்கும் 130 மி.மீ. டாப்சோனியன், குவியத்தூரம் 650. உரிமையாளர் 16,000 சொன்னார், 14,000-க்குப் படிந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன். தூசி இருந்தது, அது படத்தைக் கெடுக்காது. பூஞ்சை இல்லை, ஓரத்தில் பூச்சு உரியவும் இல்லை. அடிப்பலகை மட்டும் ஒரு மூலையில் ஈரம் குடித்து பிஸ்கட்போல் உப்பியிருந்தது. விலை இறங்கக் காரணமே அந்த மூலைதான். 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் கூடவே வந்தன, 26 மடங்கும் 65 மடங்கும். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

27 டிசம்பர், சனி

கடைசியில் வானம் வெளுத்தது. மேசைமேல் வைக்கும் டெலஸ்கோப்புக்கு முதலில் மேசை வேண்டும், அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடியது, சாப்பாட்டு மேசையைக் கொல்லைக்குத் தூக்க வீட்டில் அனுமதி இல்லை. துவைக்கிற கல்லில் வைத்தேன். கல் கொஞ்சம் சரிவு, ஒரு பக்கம் பலகைத் துண்டு முட்டுக் கொடுத்ததும் அசையவில்லை. ஃபோகஸ் திருகைத் தாராளமாகத் திருப்பலாம்.

அரை நிலா. இருளும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டில் குழிகளின் விளிம்பு மட்டும் மின்ன, உள்ளே கரிய நிழல். பக்கத்தில்தான் சனி, கோடு இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. பத்து மணிக்கு மேல் ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம், பார்க்கச் சாம்பல் நிறப் புகை. படங்களில் வருகிற சிவப்பை எதிர்பார்த்து வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏமாற்றம், "இதுக்கா இவ்வளவு?" என்று போய்விட்டார்.

10 ஜனவரி 2026, சனி

இன்று வியாழன் சூரியனுக்கு நேரெதிரே. 65 மடங்கில் இரண்டு பட்டைகளும் தெளிவு, நிலாக்கள் வரிசையில் நிற்கின்றன. கூட வந்த 10 மி.மீ. ஐபீஸ் ஓரங்களில் படத்தை இழுக்கிறது. 6 மி.மீ. வாங்கினால் 108 மடங்கு, 130 மி.மீ. கண்ணாடி அதைத் தாராளமாகத் தாங்கும். மிச்சம் இருந்தது ரூ.1,000, அதில் பஸ் காசும் போய்விட்டது. அடுத்த மாதச் சம்பளம் வரட்டும். அதற்கு முன்னால் அந்த உப்பிய மூலைக்கு ஆசாரியிடம் ஒரு பிளைவுட் துண்டு கேட்க வேண்டும்.